கால்பந்துக் கழகங்கள்: இன்றைய கோப்பையா, நாளைய அணியா?

தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று தளர்வுறத் தொடங்கும்போது அதன் நிர்வாகிகள் முன் இரண்டு வழிகள் உள்ளன. நட்சத்திர வீரர்களை விற்றுவிட்டு, இளம் வீரர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டுவது ஒன்று. மேலும் பணம் செலவிட்டு, உடனடியாகக் கோப்பைக்குப் போட்டியிடுவது மற்றொன்று.

அமெரிக்காவின் தொழில்முறை விளையாட்டுகளில் இத்தெரிவு ஓரளவு எளிதானது. அங்கு பின்தங்கும் அணிகளுக்கே புதிய வீரர்களைத் தெரிவு செய்வதில் முன்னுரிமை வழங்கப்படுகிறது. எந்த அணியும் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவதில்லை. எனவே சில ஆண்டுகள் தோற்றாலும் அதில் ஓர் ஆதாயம் உண்டு.

ஐரோப்பியக் கால்பந்தில் நிலைமை வேறு. கடைசி இடங்களைப் பிடிக்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படுவதால் தொலைக்காட்சி உரிமை வருமானம் பெருமளவில் குறைந்துவிடுகிறது. அணியைப் புதுப்பிக்க விரும்பும் கழகம், போட்டியிட்டுக்கொண்டேதான் அதைச் செய்தாக வேண்டும்.

லீட்ஸ் தரும் பாடம்

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கழகம் உடனடி வெற்றியைத் தெரிவு செய்தது. தனது பயிற்சிக்கூடத்தில் உருவான ஹாரி கியூவெல், ஆலன் ஸ்மித் போன்ற இளைஞர்களுடன் விலையுயர்ந்த வீரர்களையும் அது சேர்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ரியோ பெர்டினண்டை 1 கோடியே 80 லட்சம் பவுண்டுகளுக்கு வாங்கியது. பிரிட்டனில் அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை.

2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்ற லீட்ஸ், எதிர்கால நுழைவுச்சீட்டு வருமானத்தை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டுகள் கடன் பெற்றது. ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைக்கும் என்பதே இக்கணக்கின் அடிப்படை. ஆனால் 2001இல் நான்காவது இடமும், 2002இல் ஐந்தாவது இடமுமே கிடைத்தன. அவ்விடங்கள் அப்போட்டிக்குத் தகுதி பெறப் போதுமானவையாக இருக்கவில்லை.

கடனை அடைக்க வீரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டனர். 2004இல் பிரிமியர் லீக்கிலிருந்து இறக்கப்பட்ட அணி, 2007இல் திவால் நிர்வாகத்தின் கீழ் வந்து மூன்றாம் பிரிவுக்கும் சரிந்தது. மீண்டும் பிரிமியர் லீக்குக்குத் திரும்ப 2020ஆம் ஆண்டு வரை, 16 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஆர்சனலின் காத்திருப்பு

ஆர்சனல் கழகமும் கடன் வாங்கியது. ஆனால் வீரர்களுக்காக அல்ல. 2006இல் அது ஏறத்தாழ 38,000 பேர் அமரக்கூடிய ஹைபரி அரங்கிலிருந்து, 60,000 பேர் அமரக்கூடிய, சுமார் 39 கோடி பவுண்டுகள் செலவில் கட்டப்பட்ட புதிய அரங்குக்கு மாறியது. போட்டி நாள் வருமானம் ஏறத்தாழ இரு மடங்கானது.

அதற்கான விலையையும் கழகம் கொடுத்தது. தியரி ஆன்றி, செஸ்க் பாப்ரெகாஸ் போன்றோர் விற்கப்பட்டனர். 2005க்குப் பின் 2014 வரை முக்கியக் கோப்பை எதுவும் கிட்டவில்லை. 2012இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்ட ராபின் வான் பெர்சி, அடுத்த ஆண்டே அங்கு லீக் பட்டம் வென்றது ரசிகர்களின் மனக்குறையை அதிகரித்தது. எனினும் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கரின் கீழ், 2016 வரை எந்தப் பருவத்திலும் அணி முதல் நான்கு இடங்களுக்கு வெளியே செல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நெருக்கடியில் பிறந்த அணி

ஜெர்மனியின் பொருஷியா டோர்ட்முண்டுக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பே இருக்கவில்லை. 1997இல் ஐரோப்பிய வாகையராகவும் 2002இல் ஜெர்மன் வாகையராகவும் விளங்கிய அக்கழகம், அளவுக்கு மீறிய செலவினால் 2005இல் திவாலின் விளிம்புக்குச் சென்றது. கடன் மறுசீரமைப்புக்கு முதலீட்டாளர்கள் இணங்கியதாலேயே அது தப்பியது.

2008இல் பொறுப்பேற்ற யூர்கன் க்ளோப், மாரியோ கோட்சே போன்ற இளைஞர்களையும், வெறும் மூன்றரை லட்சம் யூரோவுக்கு வாங்கப்பட்ட ஜப்பானிய வீரர் ஷின்ஜி ககாவாவையும் கொண்டு அணியை அமைத்தார். 2008இல் பதின்மூன்றாவது இடத்தில் இருந்த அணி, 2011இலும் 2012இலும் லீக் பட்டத்தை வென்றது.

இடர் யாருடையது?

புதுப்பிப்பதா, போட்டியிடுவதா என்பதைவிட, எந்தப் பணத்தைக் கொண்டு அதைச் செய்வது என்பதே முக்கியமானது என்பதை இம்மூன்று கழகங்களின் வரலாறும் உணர்த்துகிறது. வருமானம் தரும் அரங்கை நம்பிய கடன் கழகத்தைத் தாங்கியது. இன்னும் பெறாத வெற்றியை நம்பிய கடன் கழகத்தை வீழ்த்தியது.

செலவுக்கு வரம்பிடும் விதிகள் பின்னாளில் கடுமையாயின. அவற்றை மீறியதற்காக 2023-24 பருவத்தில் எவர்டன் மொத்தம் 8 புள்ளிகளையும், நாட்டிங்ஹாம் பாரஸ்ட் 4 புள்ளிகளையும் இழந்தன.

கணக்கு தவறும்போது தலைவர்கள் பதவி விலகிவிடலாம். வீரர்கள் வேறு கழகங்களுக்குச் சென்றுவிடலாம். மூன்றாம் பிரிவிலும் அதே அரங்குக்கு வந்து அமர்பவர்கள் அந்நகரத்து ரசிகர்களே. தவறான முடிவின் சுமை இறுதியில் அவர்கள் மீதே விழுகிறது.