பீடப்பணியில் சிறுமியர்: அனுமதி உண்டு, உரிமை இல்லை

திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடப்பணியைச் சிறுமியர் ஆற்றலாமா என்ற விவாதம் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் இன்னும் ஓயவில்லை. இன்றைய திருச்சபைச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் உறுதி செய்யவும் இல்லை. சிக்கல் அங்கேதான் உள்ளது.

1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 813ஆம் விதி, திருப்பலியில் பெண் பணிபுரிவதை விலக்கியது. ஆண் எவரும் கிடைக்காதபோதும், பெண் தொலைவில் நின்று மறுமொழி கூறலாமேயன்றிப் பீடத்தை அணுகக் கூடாது. 1980ஆம் ஆண்டு வத்திக்கான் அறிவுறுத்தலும் பெண்களுக்கு இப்பணியை மறுத்தது. எனினும், 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 230ஆம் விதி இரண்டாம் பிரிவு, பொதுநிலையினரின் வழிபாட்டுப் பணிகளைக் குறிப்பிடுகையில் ஆண், பெண் எனப் பிரிக்கவில்லை. பீடப்பணியும் அப்பிரிவில் அடங்கும் என்ற சட்ட விளக்கம் 1992இல் ஏற்கப்பட்டு, 1994இல் வெளியிடப்பட்டது.

அவ்விளக்கம் தந்தது அனுமதி மட்டுமே. மறைமாவட்டத்தில் அனுமதிப்பதா என்பதை ஆயர் முடிவு செய்வார். அவர் அனுமதித்தாலும் குருக்களைக் கட்டாயப்படுத்த இயலாது என்றும், பொதுநிலையினர் எவருக்கும் பீடப்பணி உரிமையாகாது என்றும் 2001ஆம் ஆண்டு வத்திக்கான் கடிதம் தெளிவுபடுத்தியது. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் என்னும் நிலையான பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். அதன் பின்னரும் பங்கிலுள்ள சிறுமியின் வாய்ப்பு பங்குத்தந்தையின் விருப்பத்தையே சார்ந்துள்ளது.

சிறுவர் குழுக்களே குருத்துவ அழைத்தலின் நாற்றங்கால் என்பது மறுப்போரின் வாதம். அக்குழுக்களைப் பேண வேண்டும் என 1994ஆம் ஆண்டுக் கடிதமும் கூறுகிறது. ஆனால் சிறுவரைப் பேணுவதற்குச் சிறுமியரை விலக்க வேண்டியதில்லை.

காரணம் கூற வேண்டாத அதிகாரம் எதைச் செய்யும் என்பதைத் தலித் கிறித்தவர் நன்கறிவர். தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகள். தனிக் கல்லறையையும் தனி இருக்கையையும் எந்தத் திருச்சபைச் சட்டமும் கட்டளையிடவில்லை. 'வழக்கம்' என்ற பெயரிலேயே அவை நிலைத்தன. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ஆம் ஆண்டுத் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. பீடத்தருகே நிற்பவரைத் தேர்வதும் அதே எழுதப்படாத வழக்கத்திடம் விடப்பட்டால், தலித் சிறுமி பெண் என்பதாலும் சாதியாலும் விலக்கப்படக் கூடும். எக்காரணத்தால் என்பதைக்கூட அவளால் மெய்ப்பிக்க இயலாது.

ஆகவே நாம் கோருவது இது: ஒவ்வொரு மறைமாவட்டமும் பீடப்பணிக்கான நெறிமுறையை எழுத்தில் வெளியிட வேண்டும், எல்லாச் சிறாருக்கும் பெயர்ப் பதிவு திறந்திருக்க வேண்டும், மறுப்பின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். கிறித்தவர் அனைவரும் மாண்பில் சமம் என்கிறது 208ஆம் விதி. அந்தச் சமத்துவம் பீடத்தின் படிக்கட்டு வரை வந்து நின்றுவிடலாகாது.