ஏட்ரியாட்டிக் சம்மர் க்ரூஸ்: தினமும் ஒரு பழைய ஊர்... கையில் இருப்பதோ ஆறு மணி நேரம்!

இன்ஸ்டாவில் அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. நீலக் கடல், ஆரஞ்சு ஓட்டுக் கூரைகள், ஊரைச் சுற்றி கல் மதில், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல். இத்தாலிக்கும் பால்கன் நாடுகளுக்கும் நடுவில் இருக்கும் ஏட்ரியாட்டிக் கடல்தான் அது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே க்ரூஸ் சீசன். ஜூலை, ஆகஸ்ட் உச்சம். ஏழு இரவுகளில் இத்தாலி, குரோஷியா, மாண்டினீக்ரோ, கிரீஸ் என நான்கு நாடுகளைத் தொட்டுவிடலாம். பெட்டியை ஒரே ஒருமுறை பிரித்து அடுக்கினால் போதும், ஊர் மாறிக்கொண்டே இருக்கும்.

கேட்கவே சூப்பரா இருக்குல்ல? ஆனா, காசு கட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கு. அதுல முதல் விஷயம், நேரம்.

ஒன்பது மணி நேரம்னு போட்டிருந்தா, ஆறுதான்!

பயண அட்டவணையில் 'டுப்ரோவ்னிக், காலை 8 - மாலை 5' என்று இருக்கும். ஒன்பது மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் கரையைத் தொட்டபின் துறைமுக அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று இறங்கவே அரை மணி நேரம் ஆகும். கிளம்புவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். அந்த 'ஆல் அபோர்ட்' நேரம்தான் உங்களுக்குக் கெடு. துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போக, வர ஒரு மணி நேரம். டிராஃபிக்குக்குப் பயந்து ஒரு மணி நேரம் கையிருப்பு. மிச்சம் ஆறு மணி நேரம்தான். கப்பல் நடுக்கடலில் நின்று, சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போகும் ஊராக இருந்தால் இன்னும் குறையும்.

அதனால் ஓர் ஊருக்கு ஒரே ஒரு 'கண்டிப்பா பார்க்கணும்' வெச்சுக்கோங்க. மீதி எல்லாம் போனஸ்.

விசாவில் ஒரு பொறி இருக்கு

இத்தாலி, கிரீஸ் இரண்டும் ஷெங்கன் நாடுகள். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கன். அன்றிலிருந்து அங்கே யூரோதான் பணம். ஆனால் மாண்டினீக்ரோ ஷெங்கனில் இல்லை. அங்கேயும் செலவுக்கு யூரோதான் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இத்தாலியில் கப்பல் ஏறி, மாண்டினீக்ரோவில் இறங்கி, பிறகு கிரீஸுக்குப் போனால், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். சிங்கிள் என்ட்ரி விசா இதற்குப் போதாது. விண்ணப்பிக்கும்போதே மல்டிபிள் என்ட்ரி கேளுங்க. கூடவே கப்பலின் முழு அட்டவணையையும் இணையுங்க. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் மாண்டினீக்ரோவில் 30 நாள்கள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் புக்கிங்குக்கு முன் இப்போதைய விதியைத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சம்மர் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும். விசா சரியில்லை என்றால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கட்டிய காசும் பெரும்பாலும் திரும்பி வராது.

'வெனிஸ்' என்றால் வெனிஸ் இல்லை

டிக்கெட்டில் வெனிஸ் என்று போட்டிருந்தாலும் எந்தத் துறைமுகம் என்று பாருங்கள். 2019 ஜூனில் ஒரு பெரிய க்ரூஸ் கப்பல், வெனிஸ் கால்வாயில் கட்டுப்பாடு இழந்து கரையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பெரிய கப்பல்களுக்கு எதிராகப் போராடிவந்தார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் செயின்ட் மார்க் சதுக்கத்தின் முன்னால் செல்லத் தடை. இப்போது பல கப்பல்கள் மார்கெரா, ரவென்னா, ட்ரியஸ்தே போன்ற இடங்களிலிருந்து கிளம்புகின்றன. ட்ரியஸ்தேயிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். வெனிஸைப் பார்க்கணும்னா ஒருநாள் முன்னாடியே போய்த் தங்கிடுங்க.

ஸ்ப்ளிட்: அரண்மனைக்குள் குடியிருக்கும் ஊர்

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305-ல் தானாகவே பதவி விலகி, ஓய்வுக்காலத்தைக் கழித்த அரண்மனை இது. ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து ஊரான சலோனா அழிந்தபோது, தப்பி வந்த மக்கள் இந்த மதிலுக்குள் குடியேறினார்கள். இன்றும் உள்ளே வீடுகள், கடைகள், துணி காயும் கொடிகள் எல்லாம் இருக்கின்றன.

இங்கே ஒரு வரலாற்றுத் திருப்பமும் இருக்கு. டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைக் கடுமையாக ஒடுக்கியவர். தனக்காக அவர் கட்டிக்கொண்ட கல்லறை மாளிகைதான் பின்னாளில் செயின்ட் டோம்னியஸ் தேவாலயம் ஆனது. அந்த டோம்னியஸ், இதே பேரரசரின் ஆட்சியில் கொல்லப்பட்டவர். தேவாலயத்தின் அருகே, எகிப்திலிருந்து கொண்டுவந்த சுமார் 3,500 ஆண்டுப் பழைமையான கறுப்பு ஸ்ஃபிங்ஸையும் பார்க்கலாம். கப்பல் துறையிலிருந்து நடக்கும் தூரம்தான். இங்கே டூர் தேவையில்லை.

கோட்டோர்: அலாரம் வெச்சு எழுந்திருங்க!

இந்த ஊரின் அழகே கப்பல் உள்ளே நுழையும் வழிதான். மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் வளைகுடா. வெரிகே என்ற இடத்தில் சில நூறு மீட்டருக்குக் குறுகிவிடும். அதிகாலையிலேயே மேல்தளத்துக்குப் போய் நின்றுவிடுங்கள். பெராஸ்ட் என்ற ஊரின் முன்னால் கடலில் ஒரு தேவாலயத் தீவு தெரியும். மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் கொட்டி உருவாக்கிய செயற்கைத் தீவு அது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று படகுகளில் போய்க் கல் போடுகிறார்கள்.

ஊருக்குப் பின்னால் மலைமேல் ஒரு கோட்டை, ஏறுவதற்குச் சுமார் 1,350 படிகள். ஏறுவதாக இருந்தால் இறங்கியவுடன் ஏறிவிடுங்கள். ஜூலை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் அந்தக் கல் படிகள் கொதிக்கும். முடியாதவங்க கீழேயே சுத்தலாம். ஊர் முழுக்கப் பூனைகள், அவற்றுக்கு ஒரு மியூசியம்கூட உண்டு!

டுப்ரோவ்னிக்: மதில்மேல் நின்று கூரையைப் பாருங்க

கப்பல் நிற்பது க்ரூஷ் துறைமுகத்தில். பழைய ஊர் அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. மதில் சுற்று சுமார் 1,940 மீட்டர். 'டுப்ரோவ்னிக் பாஸ்' வாங்கினால் மதில் நுழைவும் டவுன் பஸ்ஸும் அதிலேயே அடக்கம்.

மேலிருந்து பார்த்தால் கூரைகளில் இரண்டு நிறங்கள் தெரியும். மங்கிய ஓடுகள் பழையவை. பளிச்சென்ற ஆரஞ்சு ஓடுகளில் பெரும்பாலானவை, 1991-92 முற்றுகையில் குண்டுவீச்சில் நொறுங்கிய கூரைகளுக்கு மாற்றாகப் போட்டவை. 1991 டிசம்பர் 6 அன்று ஊர் மிக மோசமாகத் தாக்கப்பட்டது. நாம் அழகு என்று போட்டோ எடுக்கும் அந்த நிறம், ஊர்க்காரர்களுக்கு வேறு ஒன்றைச் சொல்லும்.

பிலே வாசலருகே 15-ம் நூற்றாண்டில் கட்டிய ஓனோஃப்ரியோ நீரூற்று இருக்கிறது. தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கோங்க.

கோர்ஃபு: கிரேக்கத் தீவில் கிரிக்கெட்

நானூறு ஆண்டுகளுக்கு மேல் வெனிஸ் ஆட்சி, பிறகு 1864 வரை பிரிட்டிஷ் பாதுகாப்பு. அதனால் தெருக்கள் இத்தாலி மாதிரி இருக்கும். ஸ்பியனாடா என்ற பெரிய மைதானத்தில் கிரிக்கெட் வேரூன்றியது. சீட்ட்ஸிபீரா என்ற இஞ்சி பானமும் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனதுதான். வெயிலுக்கு ஒரு பாட்டில் குடிச்சுப் பாருங்க.

கப்பல் டூரா, நாமளே சுத்தலாமா?

கப்பல் நிறுவனமே விற்கும் டூரில் விலை கூடுதல். ஆனால் அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த ஊரில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும். எனவே தூரமான இடத்துக்குக் கப்பல் டூர், நடக்கும் தூரத்துக்கு நீங்களே. இது எளிய விதி.

தினமும் கேபினுக்கோ ஆப்பிலோ வரும் நிகழ்ச்சி நிரலில் துறைமுக ஏஜென்ட்டின் எண் இருக்கும். இறங்கும் முன் அதை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உங்கள் போன் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றா என்றும் பாருங்கள். இத்தாலி, குரோஷியா, மாண்டினீக்ரோவைவிட கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

விளம்பர விலை முழு விலை இல்லை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கேபின், அடிப்படைச் சாப்பாடு இரண்டுக்கும்தான். துறைமுக வரி, தினசரி டிப்ஸ், கூல்டிரிங்ஸ், வைஃபை, டூர், விமான டிக்கெட், விசா எல்லாம் தனி. புக் செய்யும் முன் இவை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கடலில் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுடுங்க. கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் தெரியாமல் இணைந்தால், பில் பார்த்துத் தலை சுத்தும். சைவம் என்றால் புக்கிங்கின்போதே எழுதிக் கொடுங்கள்.

விருந்தாளியா போங்க

1377-ல் டுப்ரோவ்னிக், நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள்கள் வெளியே காத்திருக்க வைத்து, பிறகுதான் ஊருக்குள் விட்டது. குவாரன்டைன் முறையின் தொடக்கமாகச் சொல்லப்படும் சட்டம் அது. இன்று அதே ஊர், ஒரே நேரத்தில் இரண்டு பெரிய கப்பல்கள், சுமார் 4,000 க்ரூஸ் பயணிகள் என்று எல்லை வகுத்திருக்கிறது. காரணம் எளிது. கப்பல் பயணி காலையில் வந்து, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பினால், ஊருக்கு மிஞ்சுவது கூட்டமும் குப்பையும்தான்.

நம்மால் முடிந்தது சின்ன விஷயம்தான். மதியச் சாப்பாட்டை ஊருக்குள் சாப்பிடுங்க. ஒரு மணி நேரமாவது உள்ளூர் கைடு வெச்சுக்கோங்க. தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்க. ஜன்னலோரம் துணி காய்ந்தால், உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே குரலைக் குறைங்க. தேதி மாற்ற முடியும் என்றால் மே அல்லது செப்டம்பர் கடைசியில் போங்க. வெயிலும் குறைவு, வரிசையும் குறைவு. அந்த ஆறு மணி நேரமும் முழுசா உங்களுக்கே கிடைக்கும்.