முன்கதவும் பின்கதவும்

மாஸ்ட்ரிக்ட் என்றதும் ஐரோப்பிய ஒன்றியத்தைத் தோற்றுவித்த ஒப்பந்தமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். 1992 பெப்ரவரி 7 இல் அது அங்குதான் கைச்சாத்தானது. பெல்ஜிய எல்லையை ஒட்டிய இந்தச் சிறு நெதர்லாந்து நகரம் 'கொஃபி ஷொப்'களுக்கும் பெயர்பெற்றது.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அங்கு விற்பனையாவது கஞ்சா. 1976 இல் நெதர்லாந்து தனது அபின் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவைக் கொடிய போதைப்பொருள்களிலிருந்து பிரித்தது. கஞ்சா சட்டபூர்வமாகவில்லை, சகித்துக்கொள்ளப்பட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் விற்கலாம். கடையில் 500 கிராமுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சரக்கைக் கடைக்காரர் கொள்முதல் செய்வது குற்றம். முன்கதவைத் திறந்த அரசு, பின்கதவைக் கள்ளச் சந்தையிடம் விட்டுவிட்டது.

அயல்நாடுகளில் தடை நிலவியதால் எல்லை தாண்டி மக்கள் குவிந்தனர். 14 கடைகளுக்கு நாளாந்தம் சுமார் 10,000 பேர் வருவதாகவும் அவர்களில் 70 சதவீதத்தினர் வெளிநாடுகளில் வசிப்போர் என்றும் நகர முதல்வர் தரப்பு நீதிமன்றத்தில் கூறியது. வெளிநாட்டில் வசிப்போரை அனுமதிக்கக் கூடாதென 2005 இல் நகரசபை விதி செய்தது. கடை உரிமையாளர் ஒருவர் வழக்காடினார். 2010 டிசம்பர் 16 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

எல்லைகளைத் தளர்த்திய ஒப்பந்தத்தின் நகரமே எல்லையொன்றை மீண்டும் வரைந்தது. இதை வெறும் முரண்நகையாக நான் கருதவில்லை. விற்பனையைச் சகித்து விநியோகத்தைத் தண்டித்த அரைகுறைச் சட்டத்தின் விளைவு இது. மாஸ்ட்ரிக்ட் உட்பட 10 நகரசபைப் பகுதிகளில், அரச அனுமதியுடன் விளைந்த கஞ்சாவை மட்டுமே கடைகள் விற்கலாம் என்ற பரிசோதனை விதி 2025 ஏப்ரல் 7 இல் நடைமுறைக்கு வந்தது. பின்கதவைச் சட்டம் எட்டிப்பார்க்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.