ஒவடோன்னா நகரத்து வங்கிக் கட்டடம்

செல்வம் நிலையாதென்பது யாவரும் அறிந்ததே. அச்செல்வங்கொண்டு செய்த நற்பணி நிலைக்குமோவெனின், அமெரிக்க நாட்டு மின்னசோட்டா மாகாணத்திலுள்ள ஒவடோன்னா என்னுஞ் சிற்றூரை நாம் சான்று காட்டுவோம்.

அவ்வூர்த் தேசிய உழவர் வங்கியின் உபதலைவர் காரல் பென்னெட் என்பார், வங்கிகள் பலவற்றிற்கும் வழக்கமாயிருந்த கிரேக்கக் கோயிற்றூண்களை வேண்டாவென விலக்கி, சிகாகோ நகரத்துச் சிற்பி லூயி சல்லிவனை அழைத்தனர். அக்காலத்துச் சல்லிவனை நாடுவார் அருகியிருந்தனர். 1908-ல் செங்கல்லால் எழுந்த அக்கட்டடத்தின் இரு வீதிமுகப்பிலும் ஒவ்வொரு பெரிய வளைவுச் சாளரம் ஒளிர்ந்தது. உட்சுவர்களில் கறவைப் பசுக்களும் அறுவடைக் காட்சியும் தீட்டப்பெற்றன. பணமிட வந்த குடியானவர் தம் தொழிலின் பெருமையை ஆங்குக் கண்டனர்.

1924-ல் சல்லிவன் வறுமையில் மாண்டார். யுத்தத்தின் பின் விளைபொருள் விலை வீழ்ந்து உழவர் நொடித்தனர்; 1926-ல் வங்கியும் முறிந்தது. பின்வந்தோர் உள்ளழகிற் சிலவற்றைச் சிதைத்தாரெனினும் கட்டடத்தை இடித்திலர். வங்கியாகவே வழங்கிப் பிற்காலத்துச் செப்பனிட்டனர். 1976-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 1981-ல் அந்நாட்டுத் தபால் தலையிலும் இடம்பெற்றது.

பேரேடு மறைந்தது, முகப்பு நிற்கின்றது. நம்மூர்க் கடைவீதிகளில் முன்னோர் எழுப்பிய கட்டடங்களை இடிக்கத் துணியுமுன் அன்பர்கள் இதனைச் சிந்திக்குமாறு வேண்டுகின்றோம்.