பிவா ஏரியைச் சுற்றும் மிதிவண்டி வழி: ஒரு கரையின் வரலாறு

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவுக்குக் கிழக்கே, ஷிகா மாநிலத்தின் நடுவில் சுமார் 670 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் பிவா, அந்நாட்டின் மிகப் பெரிய நன்னீர் ஏரியாகும். அதன் கரையை ஒட்டி மிதிவண்டியில் ஒரு முழுச் சுற்று வருவதைப் 'பிவாஇச்சி' என்று வழங்குகின்றனர். முழுச் சுற்றின் நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்பதால், நல்ல பயிற்சி உள்ளவர்கள் விடியலில் புறப்பட்டு இருட்டுவதற்குள் முடித்துவிடுகின்றனர்; மற்றவர்கள் இடையில் ஓரிரவு தங்குகின்றனர். ஜப்பானிய அரசு 2019 நவம்பரில் முதன்முதலாக அறிவித்த மூன்று தேசிய மிதிவண்டி வழித்தடங்களுள் இதுவும் ஒன்று. எனினும் இவ்வழியின் பெரும்பகுதி மிதிவண்டிக்கென அமைந்ததன்று; வெவ்வேறு காலத்தார் வெவ்வேறு தேவைகளுக்காக இட்டுச்சென்ற பாதைகள் ஒன்றோடொன்று இணைந்தே இன்றைய சுற்று உருவாகியுள்ளது.

இவற்றுள் மிகப் பழையது தென்முனைப் பாதையாகும். நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகள் ஏரிக்கு நீர் கொணர்ந்தாலும், இயற்கையாக அதிலிருந்து வெளியேறும் ஆறு செத்தா ஒன்றே. அதன்மேல் அமைந்த பாலமே ஜப்பானின் கிழக்குப் பகுதிகளிலிருந்து கியோட்டோவை நோக்கி வந்தோருக்கு நிலவழி வாயிலாக இருந்தது. எதோ (இன்றைய டோக்கியோ) நகரத்தையும் கியோட்டோவையும் இணைத்த தோக்கைதோ பெருவழியில் வந்தவர்கள், பாலம்வரை நடந்து சுற்றிப் போகலாம், அல்லது யபாசே துறையில் படகேறி நேரே எதிர்க்கரை நகரமான ஒத்சுவில் இறங்கலாம். படகுவழி குறுகியதாயினும், மேற்கிலுள்ள ஹிரா மலையிலிருந்து திடீரென இறங்கும் கடுங்காற்று படகுகளைக் கவிழ்த்துவிடும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது. அவசரமானால் சுற்றிப் போ என்னும் பொருளுடைய ஜப்பானியப் பழமொழி இத்துறையையும் இப்பாலத்தையும் பற்றிய பழம்பாடலொன்றிலிருந்தே பிறந்ததாகக் கூறுவர்.

காற்றின் அச்சம் இருந்தபோதிலும், பல நூற்றாண்டுகள்வரை ஏரியின் உண்மையான நெடுஞ்சாலை நீராகவே இருந்தது. ஜப்பான் கடலோரத்துத் துறைமுகமான த்சுருகாவில் இறங்கிய அரிசியும் மீனும் மலைகடந்து வடகரைத் துறைகளான ஷியோத்சு, கைசு ஆகியவற்றை அடைந்து, உருண்ட அடிப்பகுதி கொண்ட 'மாருகோபுனே' என்னும் மரப்படகுகளில் தெற்கே ஒத்சுவுக்குச் சென்றன. கருணையின் வடிவாகிய கன்னோனை (அவலோகிதேஸ்வரரை) வழிபட்டு 33 கோயில்களை வலம்வரும் சைகோக்கு யாத்திரையிலும் நீர்வழி உண்டு. ஏரியின் வடபகுதியிலுள்ள சிக்குபு தீவின் ஹோகொன்ஜி 30ஆவது தலமாகவும், கிழக்குக் கரையின் சோமேஜி 31ஆவது தலமாகவும் இருத்தலின், அடியார்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படகிலேயே சென்றனர். சிக்குபு தீவில் வீற்றிருக்கும் பென்சைத்தென் நம் சரசுவதியே என்பதும், அவள் கையிலுள்ள நரம்பிசைக் கருவியின் பெயர் பிவா என்பதும் தமிழ் வாசகர் அறியத்தக்கவை.

இருப்புப்பாதையும் முதலில் ஏரியைச் சுற்றவில்லை. 1882 முதல் வடகிழக்குக் கரையிலுள்ள நாகஹாமாவுக்கும் ஒத்சுவுக்கும் இடையே பயணிகள் நீராவிக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டனர். 1889இல் தோக்கைதோ ரயில்பாதை முழுமையடைந்ததும் அந்தக் கப்பல் இணைப்பு தேவையற்றுப் போனது. சரக்கும் பயணிகளும் நீரைவிட்டு நீங்கிய பின்னர், ஏரியைச் சுற்றுவது இன்பப் பயணமாக மாறத் தொடங்கியது. 1917இல் கியோட்டோ மூன்றாம் உயர்பள்ளியின் படகுக் குழு துடுப்பு வலித்து ஏரியைச் சுற்றி வருகையில், இமாசு ஊரில் தங்கிய இரவில் வெளிப்பட்டதே இன்றும் ஜப்பானியர் விரும்பிப் பாடும் 'பிவா ஏரி வலம்' என்னும் பாட்டு. மிதிவண்டிச் சுற்றுக்கு உண்மையான முன்னோடி இந்தப் படகுச் சுற்றே எனலாம்.

வடகரையில் மலைகள் நேரே நீரில் இறங்குவதால், கரையோரமாகச் செல்லும் வழி அங்கு மிகப் பிந்தியே வந்தது. 1583இல் போர்த்தலைவர்களான ஹிதெயோஷி, ஷிபாத்தா கத்சுயியே ஆகியோரின் படைகள் மோதிய ஷிசுகதாக்கே மலையின் கீழ் 1927இல் ஒரு சுரங்கப்பாதை குடையப்பட்டது. புதிய நெடுஞ்சாலைச் சுரங்கத்தில் லாரிகள் விரைவதால், மிதிவண்டியில் வருவோர் மேலேறி இந்தப் பழைய ஒடுங்கிய சுரங்கத்தின் வழியாகவே செல்கின்றனர். அதன் மேற்கு வாயிலில் இருளைவிட்டு வெளிவந்த உடனே, மரங்களுக்குக் கீழே வட ஏரியின் அமைதியான குடா முழுவதுமாகக் கண்ணில் படுகிறது. இதற்கு அப்பால் கைசு-ஒசாக்கி முனையில் சுமார் 4 கிலோமீட்டருக்குச் செர்ரி மரங்கள் நீரின்மேல் கவிந்து நிற்கின்றன. 1931இல் சாலைப் பராமரிப்புத் தொழிலாளி ஒருவர் தாமே வாங்கிய கன்றுகளை வழியோரம் நட்டதில் தொடங்கி, 1936இல் அங்குள்ள சுரங்கப்பாதை முடிந்ததன் நினைவாகக் கிராமத்தார் மேலும் நட்டு வளர்த்த மரங்கள் அவை. இச்சுற்று முழுவதிலும் ஓர் எளிய மனிதரின் கை இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வேறில்லை.

கிழக்குக் கரையின் கதை வேறு. அங்கு வழி அகன்றும் சமமாகவும் செல்வதற்குக் காரணம், ஒசாக்கா, கியோட்டோ வட்டாரத்தின் நீர்த்தேவைக்காகவும் வெள்ளத்தடுப்புக்காகவும் 1972 முதல் 1997 வரை நடந்த பிவா ஏரி ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் எழுப்பிய கரையணைகளும் அவற்றையொட்டிய சாலைகளுமேயாகும். ஜப்பானில் நம் நாட்டைப் போலவே இடப்புறமாகச் செல்வதால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவோருக்கு நீர் எப்போதும் அருகிலேயே இருக்கும். அவ்வாறு சுற்றுவதற்கு இக்கரையணைச் சாலை நன்கு பொருந்துகிறது. ஆனால் அணை எழுந்த இடங்கள் பலவும் முன்பு நாணற்காடாகவும் சதுப்பாகவும் இருந்தவை. அதற்கு முன்பே, ஏரியோடு இணைந்த சிற்றேரிகளுள் மிகப் பெரியதான தைநாக்கா வற்றவைக்கப்பட்டு வயலாகியிருந்தது. சோற்றோடு புளிக்கவைத்து உண்ணும் 'புனாசுஷி'க்கு உரிய நிகொரோபுனா என்னும் கெண்டையினம் முட்டையிடுவது இத்தகைய நாணல் நிலங்களில்தான்.

அத்திட்டம் நடந்துகொண்டிருந்த 1977 மே மாதத்தில் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் ஏரியில் செந்நீர் பரவியபோது, பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளே அதற்கு ஒரு காரணம் என்றறிந்த கரையோரக் குடும்பப் பெண்கள் அதைக் கைவிட்டுச் சாதாரண சோப்புக்குத் திரும்பினர். அவ்வியக்கத்தின் வலிமையால் 1979இல் பாஸ்பரஸ் கலந்த வீட்டுச் சலவைத்தூளை விற்பதையும் பயன்படுத்துவதையும் மாநிலம் சட்டத்தால் தடுத்தது. நாணலைக் காக்கும் தனிச்சட்டம் 1992இல் வந்தபோது, கரையணைப் பணி முடிய ஐந்தாண்டுகளே எஞ்சியிருந்தன. இன்று பயணியர் மகிழ்ந்து செல்லும் கிழக்குக் கரைப் பாதை அழிந்த நாணலின் இடத்தில் நிற்கிறது. ஆகவே இவ்வழியைப் பற்றி எழுதுவோர் அதன் வசதியையும் அழகையும் மட்டும் கூறி அமையாது, அந்நாணலின் இழப்பையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.