புகைபோக்கியில் வராத நச்சு

ஓசோன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வானத்தில் விழுந்த ஓட்டைதான். மேலே இருக்கும் ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. அதுவே தரைமட்டத்தில் சேர்ந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும், பயிர்களையும் கெடுக்கும். ஆனால் வாகனமோ ஆலையோ இதை நேரடியாகக் கக்குவதில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது?

விடை கிடைத்த இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். 1943 ஜூலையில் அந்நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. போர்க்காலம் என்பதால் ஜப்பானின் விஷவாயுவோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலைமீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்தியும் புகைமூட்டம் போகவில்லை.

கால்டெக்கில் அன்னாசிப்பழ மணத்தை ஆராய்ந்துவந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், நகரக் காற்றைக் குளிரவைத்து அதில் இருப்பவற்றைப் பிரித்துப் பார்த்தார். பெட்ரோல் ஆவி போன்ற ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். வளைத்து வைத்த ரப்பர் துண்டில் எவ்வளவு சீக்கிரம் வெடிப்பு விழுகிறது என்று பார்த்தே அன்று ஓசோனை அளந்தார்கள். எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வு முதலில் இதை மறுத்தது. கடைசியில் அவர் சொன்னதே நிலைத்தது.

சரி, இதற்கும் அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம்? ஆவடியில் 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964ல் தொழிற்பேட்டையும் வந்தன. பட்டறைகளின் பெயிண்ட், தின்னர் ஆவியும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வாகனப் புகையும் சேர்ந்தன. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. பிற்பகலில் கடற்காற்று வீசும்போது நகரத்துப் புகையும் மேற்கே இந்தப் பக்கம்தான் நகர்கிறது.

இன்னொரு வேடிக்கை உண்டு. வாகனத்திலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே ஓசோனைத் தின்றுவிடும். அதனால் புகை மண்டிய சந்திப்பைவிட, காற்று போய்ச்சேரும் புறநகரில் ஓசோன் அதிகமாகலாம். 2020 ஊரடங்கில் வாகனங்கள் குறைந்தும் பல இந்திய நகரங்களில் ஓசோன் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

2005 கோடையில் சென்னையின் ஐந்து இடங்களில் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்தே அளந்தார்கள். 2009ல் இந்தியா ஓசோனுக்கு எட்டு மணிநேர வரம்பாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று நிர்ணயித்தது. ஆனால் கருவியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த வரம்புக்கு அர்த்தம். புகை கிளம்பும் இடத்தில் மட்டும் அளந்தால், அதைச் சுவாசிக்கும் ஊர் கணக்கில் வராமலே போய்விடும்.