இரண்டு காவியும் ஒரு உலையும்

துறவிக்குச் சாதி கிடையாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பரவையில் இருந்து பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் போய்ச் சேருகிற மதுரையின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் துறவிகளுக்கு ஒரு விதிநூல் எழுதினார். சுதந்திரக் குடியில் பிறந்தவர் என்பதற்காக, அடிமையாக இருந்து துறவியானவருக்கு மேலே ஒருவரை வைக்கக் கூடாது என்றது அது. சமையலறை வேலையையும் முறைவைத்துச் செய்யச் சொன்னது. பின்னாளில் ஐரோப்பிய மடங்களிலேயே பாடுகிற துறவி, பாடுபடுகிற சகோதரர் என்று பிளவு வந்தது உண்மை. ஆனாலும் துறவு மடத்தின் அடிப்படை வாக்குறுதி, பிறப்பு வாசலோடு நின்றுவிடும் என்பதுதான்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். காவி, ஒருவேளை மரக்கறி உணவு, அதைச் சமைக்கப் பிராமணர். ஏற்கெனவே இங்கே பரதவர் கிறிஸ்தவர்களுக்குப் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸிடமிருந்து விலகித் தனி வீடு, தனிக் கோவில் அமைத்துக்கொண்டார். 1623இல் பூணூலுக்கும் குடுமிக்கும் ரோம் அனுமதி தந்தது. 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசாமி ஆனார். பிராமணரல்லாத சாதிகளிடமும் நம் மக்களிடமும் வெளிப்படையாகப் போய்வர அந்த வேடம் உதவியது. ஒரே சபை, ஒரே ஏழ்மை வாக்கு, இரண்டு காவி. 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட், நம் மக்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டை ஏற்றார்.

நொபிலியின் தமிழ்ப் புலமையை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது, உள்ளே வரும் வழி ஏன் அக்கிரகாரம் வழியாகவே போட்டார்கள் என்பதுதான்.

அதே வழியில்தான் பின்வந்தவர்களும் நடந்தார்கள். 1950 மார்ச் 21இல், பெனடிக்டின் திருநாளில், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் மொன்ஷானினும் ஹென்றி லெ சோவும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். உண்மையாகவே எளிமையாக வாழ்ந்தார்கள். ஆனால் இந்தியம் என்று அவர்கள் தேடிப்போனது உபநிடதங்களை. சேரியின் பாட்டும் பறையும் அந்தத் தேடலில் பெரிதாக இடம்பெறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. மடத்தில் நம் மரபுக்கு இடமில்லை, அரசுப் பட்டியலில் நமக்கே இடமில்லை.

மாற்று எங்கிருந்து வந்தது? மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்து. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் செய்தார். அவர் முன்வைத்த கருத்து 'ஒரு உலை'. வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் பொங்காமல், சேர்ந்து பொங்கிச் சேர்ந்து உண்பது. நற்கருணையின் பொருளே அதுதான் என்றார். அவர் துறவி அல்ல, குடும்பஸ்தர். ஆனாலும் பெனடிக்டின் சமையலறை விதிக்கு, காவி கட்டிய பலரைவிட அவர்தான் நெருக்கமாக நின்றார்.

தோழர்களே, துறவு மடம், கன்னியர் இல்லம், ஆசிரமம், நம் இயக்க அலுவலகம் என எதற்குள் போனாலும் முதலில் அடுப்படியைப் பாருங்கள். யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் முதலில் உட்காருகிறார்கள், யாருடைய பாத்திரம் தனியாக இருக்கிறது? அதற்குப் பிறகு அவர்களின் ஆன்மிகத்தைப் பற்றிப் பேசுவோம்.